சீட்டில் பாலிகார்பனேட் என்றுதான் எழுதியிருந்தது

தேனி மாவட்டம், உத்தமபாளையம் வட்டம், மார்க்கையன்கோட்டை, மேலத்தெரு, கதவு எண் 3/41-ல் குடியிருக்கும் பால்பாண்டி என்பவரின் மனைவி தேவயானி, வயது 28, படிப்பு பி.எஸ்ஸி. வேதியியல், தொழில் வீட்டுவேலை, 21.04.2006 அன்று காவல் சார்பு ஆய்வாளர் முத்துவீரன் அவர்கள் முன்பாக என் கைப்பட எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் என் கணவர், மாமியார் மாயக்காள், என் இரண்டு பெண் குழந்தைகள் ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். என் கணவர் சின்னமனூரில் வாழைக்காய் கமிஷன் கடை வைத்திருக்கிறார். மூத்த மகள் சினேகா, வயது 7, இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். இளையவளுக்கு ஒன்றரை வயது. தேனி பேருந்து நிலையத்துக்கு அருகில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தும் பலவேசம் என்பவர், கடந்த 17.04.2006 திங்கட்கிழமை நான் அவர் கடைக்குள் புகுந்து, மூக்குக்கண்ணாடி ஒன்றைச் சுத்தியலால் அடித்து நொறுக்கி, மேஜைமேல் போட்டிருந்த கண்ணாடியையும் உடைத்து, வாடிக்கையாளர்கள் முன்னிலையில் அவரை அவமானப்படுத்தியதாக மனுக் கொடுத்துள்ளார். அந்த மனுவின் பேரில் நடக்கும் விசாரணைக்காக இதை எழுதுகிறேன்.

நான்கு நாள் தாமதத்துக்குக் காரணம் வருமாறு. சம்பவம் நடந்த அன்றே நிலையத்தில் என் பெயரில் ஒரு வாக்குமூலம் எழுதப்பட்டது. அதில் "ஆத்திரத்தில் தன்னிலை மறந்து" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். அதற்கு சார்பு ஆய்வாளர் ஐயா, "அப்ப நீயே எழுதிக் கொண்டாம்மா, படிச்ச பொண்ணுதான" என்றார். மறுநாள் குழந்தையை அழைத்துக்கொண்டு மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. அதன் பிறகு எழுத உட்கார்ந்தபோதெல்லாம் இளையவள் பேனாவைப் பிடுங்கினாள். வேறு காரணம் இல்லை. யாரிடமும் யோசனை கேட்டு எழுதவும் இல்லை.

என் மகள் சினேகாவுக்கு இடது கண்ணில் பிறவியிலேயே புரை இருந்தது. இரண்டு வயதில் ஆபரேஷன் செய்தும் அந்தக் கண்ணுக்குப் பார்வை வரவில்லை. வெளிச்சம் தெரியும், எதிரில் கையை ஆட்டினால் ஏதோ அசைவது தெரியும், அவ்வளவுதான். வலது கண்ணை வைத்துத்தான் படிக்கிறாள், நடக்கிறாள், பாண்டி ஆடுகிறாள். 12.12.2005 அன்று மதுரையில் அவளைப் பரிசோதித்த கண் மருத்துவர், வலது கண்ணுக்கும் கொஞ்சம் பவர் வந்திருப்பதாகச் சொல்லிக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். எழுதும்போது மேஜை இழுப்பறையைத் திறந்து மூன்று லென்ஸ்களை எடுத்து என் கையில் வைத்தார். ஒன்று அசல் கண்ணாடி. கனமாக, சில்லென்று இருந்தது. கீறல் விழாது, பார்வை துல்லியமாக இருக்கும், ஆனால் உடைந்தால் சில்லுச் சில்லாகக் கண்ணுக்குள் போகும் என்றார். இரண்டாவது, கடைகளில் ஃபைபர் என்று சொல்லும் சாதாரண பிளாஸ்டிக். எடை இல்லை, லேசில் உடையாது, ஆனால் ஓங்கி அடிபட்டால் அதுவும் உடையும் என்றார். மூன்றாவது பாலிகார்பனேட். அதுவும் பிளாஸ்டிக் வகைதான். சீக்கிரம் கீறல் விழும், ஓரத்தில் பார்த்தால் லேசாக நிறம் பிரியும், ஆனால் உடையாது என்றார்.

"ரெண்டு கண்ணு இருக்கிற பிள்ளைன்னா நீங்க எதைப் போட்டாலும் நான் கேக்க மாட்டேன். இவளுக்குப் பவரே இல்லாட்டியும் இதைப் போட்டுத்தான் ஆகணும். இது பாக்கிறதுக்கு மட்டுமில்லம்மா, அந்தக் கண்ணுக்குக் காவல். கீறல் விழுந்தா வேற மாத்திக்கங்க" என்று சொல்லி, சீட்டில் பாலிகார்பனேட் மட்டும் என்று ஆங்கிலத்தில் எழுதி, சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டார். அந்தச் சீட்டு இப்போது நிலையத்தில் இருக்கிறது. ஐயா அவர்கள் பார்க்கலாம்.

அதன் பிறகு இரண்டு நாள் கழித்துத் தேனியில் பலவேசம் அவர்களின் கடையில் அந்தச் சீட்டைக் காட்டி ஆர்டர் கொடுத்தேன். அவரே வாசித்து, சரக்கு வெளியிலிருந்து வரவேண்டும் என்று சொல்லி, டிசம்பர் கடைசியில் கண்ணாடியைக் கொடுத்தார். சரியாகவே கொடுத்தார். அதில் எனக்குக் குறை இல்லை. குழந்தைக்கு நானே போட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் மினி பஸ்ஸில் அவளை ஜன்னல் ஓரம் உட்கார விட்டேன். அதற்கு முன் நடுவில்தான் உட்கார வைப்பேன். வெளியே நீட்டிக்கொண்டு வரும் மூங்கில், எதிரே வரும் கரும்பு வண்டி, ஊஞ்சல் சங்கிலி, பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையின் பென்சில் முனை, என் சின்ன மகளின் நகம், எல்லாமே அந்த ஒரு கண்ணைப் பார்த்து வருவதாகத்தான் எனக்குத் தெரியும். பைத்தியக்காரத்தனம் என்று வீட்டில் சொல்வார்கள். இருக்கட்டும்.

இங்கே என் பக்கத் தவறு ஒன்றையும் எழுதுகிறேன். பாலிகார்பனேட் என்பது பிளாஸ்டிக் என்று நான் வீட்டில் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் குடம்கூடக் கிடையாது. கனமாக இருப்பதுதான் நல்ல சாமான், கையில் எடுத்தால் எடை தெரிய வேண்டும் என்பது என் மாமியாரின் கணக்கு. என் கணவரும் அப்படித்தான். ஒற்றைக் கண் பிள்ளைக்குப் பிளாஸ்டிக் வாங்கினேன் என்றால் பேச்சு வரும் என்று, கேட்டபோதெல்லாம் பாலிகார்பனேட், பாலிகார்பனேட் என்று பெயரை மட்டும் சொல்லி வந்தேன். உசத்தியான சரக்கு என்றும் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் முழுதும் சொல்லவில்லை.

ஜனவரி மாதக் கடைசியில் லென்ஸில் கீறல் விழுந்திருந்தது. சினேகா பாவாடை நுனியால் துடைத்திருக்கிறாள். என் மாமியார் அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, நகத்தால் தட்டிப் பார்த்து, "ஏத்தா, இது பிளாஸ்டிக்குல்ல. வீரபாண்டித் திருவிழாவுல விக்கிற கண்ணாடியைப் பிள்ளைக்குப் போட்டு விட்டுருக்க. காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தாகளா" என்றார். நான் இளையவளுக்கு அம்மை கண்டிருந்ததால் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை. கடையில் காட்டிக் கீறலுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டு வரச் சொல்லி, 28.01.2006 சனிக்கிழமை கண்ணாடியை என் கணவரிடம் கொடுத்து அனுப்பினேன். சீட்டையும் கூடவே கொடுத்தேன். அவர் சாயங்காலம் திரும்பி வந்து, "பாலிஷ் போட்டுக் குடுத்துட்டாக. இப்பப் பாரு, பளிங்கு மாதிரி இருக்கு" என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். பிரேம் அதே பிரேம். கீறல் இல்லை. சரி என்று குழந்தைக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்று முதல் ஏப்ரல் 16 வரை எழுபத்தெட்டு நாள். அவ்வளவு நாள் ஒரு தாய்க்கு எப்படித் தெரியாமல் போகும் என்று சார்பு ஆய்வாளர் ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. அவளுடைய கண்ணாடியை அவளே கழற்றி, அவளே சோப்புத் தண்ணீரில் கழுவிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று நான்தான் பழக்கியிருந்தேன். மறுபடி கீறல் விழக்கூடாது என்பதற்காக. மூக்கில் சிவப்பாகத் தடம் விழுந்ததைப் பார்த்தேன். பிள்ளை வளர்கிறாள், பிரேம் இறுக்குகிறது என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினேன்.

16.04.2006 ஞாயிற்றுக்கிழமை காலை சுமார் ஒன்பது மணிக்கு, சினேகா தரையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, பால் குடித்துக்கொண்டிருந்த என் இளைய மகள் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரை அக்காள் முகத்தின் மேல் எறிந்தாள். டம்ளரின் விளிம்பு வலது பக்க லென்ஸில் பட்டது. கிண் என்று சத்தம் கேட்டது. நான் அடுப்படியில் இருந்தேன். அந்தச் சத்தம் பாலிகார்பனேட் போடுகிற சத்தம் இல்லை. ஓடிவந்து பார்த்தபோது லென்ஸின் கீழ் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. பாலிகார்பனேட் அப்படிப் பெயராது. குழந்தையை அசையாதே என்று சொல்லிவிட்டு அந்தச் சில்லைத் தேடினேன். பாவாடை மடிப்பில், படித்துக்கொண்டிருந்த புத்தகத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. நகத்தின் வெள்ளைப் பகுதி அளவு இருக்கும். விரலில் குத்தி ரத்தம் வந்தது. "அம்மா, வலிக்கலம்மா, சத்தம்தான் கேட்டுச்சு" என்று குழந்தை என்னைச் சமாதானப்படுத்தினாள்.

அதன் பிறகு கண்ணாடியை என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. ஆனாலும் ஒருவர்மேல் பழி சொல்லுமுன் நிச்சயம் செய்துகொள்ள வேண்டும் என்பதற்காக, நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் நனைத்து லென்ஸ் ஓரத்தில் வைத்தேன். அதில் இருக்கும் அசிட்டோன் பட்டால் பாலிகார்பனேட் பனி மூடியதுபோல் மங்கிப்போகும். இதைக் கல்லூரியில் படித்திருக்கிறேன். மங்கவில்லை. இரண்டாவது முறை வைத்தேன். மங்கவில்லை. எழுபத்தெட்டு நாள் என் மகளின் ஒரே கண்ணுக்கு முன்னால் அசல் கண்ணாடி இருந்திருக்கிறது என்று அப்போது தெரிந்துகொண்டேன். என் கணவர் அன்று சரக்கு விஷயமாகக் கம்பம் போயிருந்தார். வந்தபிறகு அவரிடம் கேட்டிருந்தால் இந்த மனுவே வந்திருக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் நினைத்தேன். என் வீட்டை நான் சந்தேகப்படவில்லை.

ஞாயிறு ஈஸ்டர் என்பதால் கடை அடைப்பு. மறுநாள் திங்கட்கிழமை குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல், வாசலுக்கும் போகக்கூடாது என்று சொல்லி வீட்டில் விட்டுவிட்டு, காலை பதினொரு மணிக்குத் தேனியில் கடைக்குப் போனேன். மனுவில் நான் கடைக்குள் புகுந்ததாக எழுதியிருக்கிறது. புகவில்லை. "வாங்க தங்கச்சி, பாப்பா எப்பிடி இருக்கா" என்று பலவேசம் அவர்கள்தான் கூப்பிட்டு ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். கடையில் அப்போது ஆண்டிபட்டியைச் சேர்ந்த பொன்னுத்தாய் என்ற அம்மாவும் அவர் கணவரும் இருந்தார்கள். அந்த அம்மா தறியில் இழை பிணைப்பதற்குக் கிட்டத்தில் பார்க்கிற கண்ணாடி வாங்க வந்திருந்தார். நடந்தவற்றுக்கு அவர்கள் சாட்சி.

நான் சில்லு பெயர்ந்ததைக் காட்டவில்லை. கண்ணாடியைப் பையிலிருந்து எடுக்காமலே, "அண்ணாச்சி, பாப்பாவுக்குப் போட்டிருக்கிறது என்ன லென்ஸ்" என்று மட்டும் கேட்டேன்.

"பாலிகார்பனேட்டு. சீட்டுல எழுதியிருந்ததுதானம்மா."

"ஒடையாதுல்ல?"

"யானை மிதிச்சாலும் ஒடையாது" என்று அந்த ஆண்டிபட்டி அம்மாவையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அப்ப அடிச்சுப் பாக்கட்டுமா அண்ணாச்சி?"

நான் விளையாட்டாகக் கேட்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, "தாராளமாப் பாருங்க" என்றார். இதை அவர் மனுவில் விட்டுவிட்டார். பொன்னுத்தாய் அம்மாவைக் கேட்கலாம்.

அதன் பிறகு நான் ஒரு துண்டு கேட்டேன். அவர் கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியைக் கொடுத்தார். நான் மூக்குக்கண்ணாடியை அந்தத் துணியில் இரண்டு மடிப்பாகச் சுற்றி, பிரேம் மாட்டும் மரப்பலகையின் மேல் வைத்தேன். சில்லு தெறித்து யார்மேலும் படக்கூடாது என்பதற்காகத்தான் சுற்றினேன். தன்னிலை மறந்தவள் துணி கேட்டு வாங்கிச் சுற்ற மாட்டாள். பலகையின் பக்கத்தில் ஆணி அடிக்கும் சின்னச் சுத்தியல் கிடந்தது. அதை எடுத்து முதலில் இடது பக்க லென்ஸில் அடித்தேன். பார்வை இல்லாத கண்ணின் பக்கம். நொறுங்கிய சத்தம் கடையில் எல்லோருக்கும் கேட்டது. நான் சுத்தியலைக் கீழே வைக்காமல் அவர் முகத்தைப் பார்த்தேன். அப்போதாவது அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதன் பிறகு வலது பக்க லென்ஸில் அடித்தேன். அதுவும் நொறுங்கியது. துணியைப் பிரித்துக் காட்டினேன்.

பொன்னுத்தாய் அம்மா அந்தத் தூளைப் பார்த்துவிட்டு, தன் கையிலிருந்த புதுக் கண்ணாடியை மேஜையில் வைத்து, "அண்ணாச்சி, இதையும் ஒரு போடு போட்டுக் காட்டுங்க. வாங்குறதா வேணாமான்னு அப்பறம் சொல்றேன்" என்றார். அவர் கணவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவமானப்படுத்தியதாக மனுவில் சொல்லியிருப்பது இந்தச் சிரிப்பைத்தான் என்று நினைக்கிறேன். நான் கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை.

அப்போதுதான் பலவேசம் அவர்கள், "எம்மேல ஏன் பாயிறீக. உங்க வீட்டுக்காரர்தாம்மா வந்து பிளாஸ்டிக்கை எம் மூஞ்சியில எறிஞ்சு, எம் பிள்ளைக்கு அசல் கண்ணாடி போட வக்கில்லையான்னு கத்துனாரு. போட்டுக் குடுத்தேன். மேக்கொண்டு காசு ஒண்ணும் வாங்கல" என்றார். நான், "அப்ப இப்ப எதுக்குப் பாலிகார்பனேட்டுன்னு சொன்னீக" என்று கேட்டேன்.

"ஒரு குடும்பத்துக்குள்ள நாம எதுக்குச் சண்டை மூட்டணும்னுதான்."

அவர் லாபத்துக்காக இதைச் செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு என் கணவரோடு சண்டை வேண்டாம் என்று மாற்றினார். இன்றைக்கு எங்களுக்குள் சண்டை வேண்டாம் என்று பொய் சொன்னார். ஆனால் சீட்டை வாசிக்கத் தெரிந்தவர் அவர். கீறல் விழுவது அந்த லென்ஸின் குணம், ஏமாற்று இல்லை என்று என் கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார் வந்து எப்படிக் கத்தினாலும் ஒற்றைக் கண் குழந்தைக்குக் கண்ணாடி லென்ஸ் போட மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மருந்துக் கடையில் புருஷன் வந்து கத்தினான் என்று வேறு மாத்திரை கொடுப்பார்களா என்று அவரிடம் கேட்டேன்.

அதன் பிறகு கடை போனிலிருந்து என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் சுமார் ஒரு மணி நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்தார். அதுவரை நான் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். பொன்னுத்தாய் அம்மாவும் போகாமல் இருந்தார். என் கணவர் மேஜைமேல் இருந்த தூளைப் பார்த்துவிட்டு, "ஆமா, நாந்தான் மாத்தச் சொன்னேன். அதுக்கென்ன இப்ப? பிள்ளை கீறல் விழுந்த பிளாஸ்டிக்கை மாட்டிக்கிட்டு அலையணுமா" என்றார்.

"டாக்டர் எழுதுனதை வாசிச்சீகளா?"

"இங்கிலீஷுல கிறுக்கியிருந்தாக. அது பிளாஸ்டிக்குன்னு நீ சொன்னியா? பாலி கீலின்னு என்னமோ சொன்ன."

அது உண்மை. நான் மறுக்கவில்லை. "பாலிஷ் போட்டாகன்னு ஏன் பொய் சொன்னீக" என்று கேட்டேன். "நல்லதுதான செஞ்சேன். சொன்னா நீ ஆடுவ. அதான்" என்றார். அவர் குழந்தைமேல் பாசம் இல்லாதவர் இல்லை. அவள் நடக்கப் பழகியபோது வீட்டில் இருந்த கூர்மூலை எல்லாவற்றிலும் கோணி கட்டியவர் அவர்தான். நல்ல சாமான் என்று அவர் நம்பியதைத்தான் பிள்ளைக்குப் போட்டார்.

நான் பலவேசம் அவர்களிடம், கழற்றிய பழைய லென்ஸ் எங்கே என்று கேட்டேன். அவர் இழுப்பறையில் தேடி, சினேகா என்று பெயர் எழுதிய காகித உறையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே இரண்டு லென்ஸும் கீறலோடு இருந்தன. நான் மரப்பலகையைத் தள்ளிவிட்டு, வலது கண்ணுக்கான லென்ஸை மேஜைமேல் போட்டிருந்த தடித்த கண்ணாடியின் மேல் நேராக வைத்து, என் கணவரைப் பார்க்கச் சொல்லி, சுத்தியலால் ஓங்கி அடித்தேன். மேஜைக் கண்ணாடி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரிந்து பிளந்தது. லென்ஸ் துள்ளிப் போய்த் தரையில் விழுந்தது. என் கணவர்தான் குனிந்து எடுத்தார். சுத்தியல் பட்ட இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. விரிசல் இல்லை. அவர் அதைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். அதன் பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மேஜைக் கண்ணாடி உடையும் என்று தெரிந்தே அடித்தாயா என்று சார்பு ஆய்வாளர் ஐயா கேட்டார். தெரிந்தே அடித்தேன். எது உடைகிறது, எது உடையவில்லை என்பதை ஒரே அடியில் என் கணவர் பார்க்க வேண்டும் என்று அடித்தேன். இன்னொருவர் பொருளை உடைத்தது தவறு. புதுக் கண்ணாடி வெட்டிப் போட்டுத் தருகிறேன் என்று அங்கேயே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். அந்தத் தவறுக்குச் சட்டப்படி என்ன உண்டோ அதை ஏற்றுக்கொள்கிறேன்.

அன்று மாலை நிலையத்தில் சமரசம் பேசினார்கள். குடும்பத்தார் விருப்பப்படியே லென்ஸ் மாற்றப்பட்டது, கடைக்காரர்மேல் தவறு இல்லை, நான் ஆத்திரத்தில் தன்னிலை மறந்து நடந்துகொண்டேன், இனி அந்தக் கடைப் பக்கம் போக மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் பலவேசம் அவர்கள் மனுவைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார்கள். "எலெக்‌ஷன் டூட்டிக்கு ஆளே பத்தலம்மா. ஒரு சாரியை எழுதிக் குடுத்துட்டுப் போயி பிள்ளையைப் பாரு" என்று ஐயா அவர்களும் தன்மையாகவே சொன்னார். நான் மறுத்துவிட்டேன். எட்டு வருஷமாக இந்த வீட்டில் நான் பயப்படும்போதெல்லாம் படித்த கிறுக்கு என்றுதான் பெயர். தன்னிலை மறந்தேன் என்று நானே எழுதி, போலீஸ் முத்திரையும் விழுந்துவிட்டால், நாளைக்கு என் மகள் கண்ணாடியை யாரும் தொடக்கூடாது என்று நான் சொன்னால் எவர் கேட்பார்? அடுத்த கீறல் விழும். அடுத்த முறையும் யாராவது பாசத்தோடு கடைக்கு எடுத்துப் போவார்கள்.

18-ந் தேதி மதுரைக்குப் போனோம். சீட்டு நிலையத்தில் இருந்ததால் மருத்துவர் வேறு சீட்டு எழுதினார். கண்ணில் கீறல் எதுவும் இல்லை என்று சொன்னார். லென்ஸ் வர இன்னும் ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள். அதுவரை குழந்தை வீட்டுக்குள் இருக்கிறாள். இரண்டு பரீட்சை எழுதவில்லை. தன் தங்கையிடமிருந்து தள்ளியே உட்கார வேண்டும் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்பதில்லை.

நேற்றுக் காலை நான் இதை எழுதி முடிக்கும் தறுவாயில் என் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கடைக்காரன் மாத்துனான்னு மட்டும் எழுது தேவயானி. எம் பேரு எதுக்கு? கமிஷன் கடை நாலு பேரு வந்து போற எடம்" என்றார். என் மாமியார், "ஒரு கண்ணாடிக்காக ஊருல எவளாச்சும் புருஷன் பேரைப் போலீஸ்ல எழுதிக் குடுப்பாளா? பொறந்த வீட்டுல இதத்தான் பழக்குனாகளா" என்றார். நான் என் கணவர்மேல் புகார் கொடுக்கவில்லை. அவர்மேல் நடவடிக்கை எதுவும் கேட்கவில்லை. ஆனால் லென்ஸை மாற்றச் சொன்னது யார், மாற்றியது யார், மறைத்தது யார், சொல்ல வேண்டியதை முழுதும் சொல்லாதது யார் என்ற நான்கும் இதில் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். நான்காவது நான். என் பெயரை எடுக்காதபோது அவர் பெயரை மட்டும் எப்படி எடுப்பது? இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று எனக்கு வேண்டும் என்று மனுச் செய்துகொள்கிறேன். புதுக் கண்ணாடி வந்ததும் மருத்துவர் சீட்டோடு சேர்த்து வைக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியும். மாமியாருக்கு மட்டும் தெரியாது. அவருக்கு நான் வாசித்துக் காட்டுவேன்.

யாருடைய தூண்டுதலின் பேரிலும் இதை நான் எழுதவில்லை. எழுத வேண்டாம் என்றுதான் எல்லோரும் வற்புறுத்தினார்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன், என் கணவரின் பெயர் வரும் இடங்களை மூன்று முறை. அனைத்தும் நடந்தவை. எதையும் எடுப்பதற்கில்லை.

(ஒப்பம்)
பா. தேவயானி
21.04.2006